சத்தமாப் பாடு!

கபடியில ஒரு விதி இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வேற எந்த ஆட்டத்துலயும் அது கிடையாது. அதைச் சொல்லாம இந்தக் கட்டுரையில ஒரு வரிகூட என்னால நகர முடியாது. நடுக்கோட்டைத் தாண்டி எதிராளி மண்ணுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே பாட ஆரம்பிச்சுடணும், திரும்பி வந்து கோட்டைத் தொடுறவரைக்கும் ஒரே மூச்சுல பாடிக்கிட்டே இருக்கணும், அதுவும் நடுவர் காதுல தெளிவா விழுற மாதிரி! உள்ளுக்குள்ள முணுமுணுத்தா செல்லாது. குரல் இறங்கினா அவுட்.

இப்போ கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல ஒரு கிராமம், ஓட்டு வீடு, அதுல பதினாலு வயசுல ஒரு பொண்ணு. காலையில எழுந்ததுலேர்ந்து அவ காதுல விழுற வார்த்தைங்க என்ன? "மெதுவாப் பேசு." "பொட்டப்புள்ளைக்கு என்ன அவ்ளோ சிரிப்பு, ரோடு வரைக்கும் கேக்குது." "மாமா வந்திருக்காரு, உள்ள போ." அப்படியே சத்தத்தை மென்னு மென்னு முழுங்கிப் பழகின பொண்ணு ஒரு சாயங்காலம் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னாடி போய் நிக்கிறா. விசில் மாட்டின ஒரு மனுஷன் குனிஞ்சு காதைக் கொடுத்துக்கிட்டு, "சத்தம் வரல பாப்பா, சத்தமாப் பாடு!" அப்படின்னு கத்துறாரு. சத்தமாப் பாடுன்னு ஒரு ஆம்பள என்கிட்ட சொல்றாரு! சத்தம் போடலைன்னா தப்புங்குறாரு! அந்தப் பொண்ணு நான்தான். இதை எழுதுறப்போகூடக் கையில மயிர் குத்திட்டு நிக்குது, பாருங்க.

நான் கபடிக்குள்ள வந்த கதை ஒரு கன்னுக்குட்டியால நடந்தது. பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னாடி கடலைக் கொல்லை. எங்க பக்கம் கடலை பூமி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வெளிவந்த டி.எம்.வி. ரகக் கடலை நாடு பூரா விளைஞ்சிருக்கு, அந்தப் பெருமையை நான் எங்க போனாலும் விடமாட்டேன். கொல்லையில மேய்ஞ்ச கன்னுக்குட்டி ஒன்னு கயித்தை அறுத்துக்கிட்டு மைதானத்துக்குள்ள பாய்ஞ்சுது. பிரேயருக்கு நின்ன புள்ளைங்கல்லாம் சிதறி ஓட, நான் குறுக்க பாய்ஞ்சு அதோட பின்னங்காலைப் பிடிச்சுட்டேன். யோசிக்கல, கை தானா போச்சு. ஹெட்மாஸ்டர் திட்டுவாரோன்னு நான் நடுங்கிக்கிட்டு இருக்கேன், பி.டி. சார் என்னடான்னா ஓடிவந்து, "கணுக்காலைப் பிடிச்சா பாத்தீங்களா? முட்டியையும் பிடிக்கல, தொடையையும் பிடிக்கல, கணுக்காலு! ரைட் கார்னர் கிடைச்சுட்டாடா!" அப்படின்னு குதிக்கிறாரு. கார்னர்னா என்னன்னே எனக்கு அன்னிக்குத் தெரியாது. 'கில்லி' படம் வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, பையனுங்க எல்லாருமே தங்களை வேலுன்னு நினைச்சுக்கிட்டுத் தெருவுல பாடித் திரிவானுங்க. பொண்ணுங்களுக்கும் ஒரு டீம் இருக்குங்கறதே அந்த நிமிஷந்தான் எனக்குத் தெரியும்.

ஏழு பேர். லெப்ட் கார்னர், லெப்ட் இன், லெப்ட் கவர், சென்டர், ரைட் கவர், ரைட் இன், கடைசியா ரைட் கார்னர் நான். ஊர்த்தெரு நாலு, காலனி மூணு. இதை நான் ஒளிக்கப்போறது இல்ல, ஏன்னா கபடி எனக்குக் கொடுத்ததுலயே பெரிய விஷயம் இங்கதான் இருக்கு. கபடியில தனியா நின்னு பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம், சங்கிலி போட்டாகணும். பக்கத்துல நிக்கிறவ கையைப் பிடிச்சாகணும். விரலைக் கோத்தா உடைஞ்சுடும், அதனால மணிக்கட்டுகிட்ட இறுக்கிப் பிடிக்கணும். பாடிக்கிட்டு வர்ற ரெய்டர் இந்தப் பக்கம் சாயும்போது ரெண்டு பேரும் ஒன்னா சாயணும், அவ பின்வாங்கும்போது ஒன்னா விடணும், ஒரு கண்ணிமை தப்பினாலும் கை மாட்டிக்கும். எங்க தெருவுலேர்ந்து அவங்க தெருவுக்கு நடந்தா அஞ்சு நிமிஷம் ஆகாது. ஆனா அதுவரைக்கும் நான் அந்தத் தெருவுக்குள்ள போனதே இல்ல. அந்த வருஷம் முழுக்க நான் அதிகமாப் பிடிச்ச கை அந்தத் தெருப் பொண்ணோட கைதான். ரைட் இன் ஆடினவ. என் மணிக்கட்டுல அவ நகம் பதிஞ்ச தழும்பு ஒன்னு, பிறை மாதிரி, இன்னும் இருக்கு. சத்தியமாச் சொல்றேன், எனக்கு அது வளையலைவிட அழகு.

எங்க பயிற்சியப் பத்திச் சொல்லணுமே! மேட்டெல்லாம் யார் கண்டா? முந்தின ராத்திரி ரெண்டு குடம் தண்ணி தெளிச்சு, காலையில மரத்தூள் தூவி, சாரே கயிறு பிடிச்சு அளப்பாரு. பொண்ணுங்களுக்கு நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர், நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் பாக் லைன், அதுக்கு அப்பால போனஸ் லைன். ஈர மண்ணுல சுண்ணாம்புத்தூள் விழுந்து ஒரு வாசனை வரும் பாருங்க, மழையும் கல்யாண வீடும் சேர்ந்த மாதிரி! அந்த வாசனைக்காகவே அஞ்சரைக்கு எழுந்து ஓடுவேன். முழங்கை தேயும், முட்டி தேயும், தேங்காயெண்ணெய தடவிக்கிட்டு மறுபடி இறங்குவோம். மழைக்காலத்துல இன்னிக்கும் இடது முட்டி கொஞ்சம் முனகும். முனகட்டும்! அதுக்கு நான் எதையும் ஈடாக் கேக்கப்போறது இல்ல.

வீட்டுல என்ன சொன்னாங்கன்னு கேப்பீங்க. எல்லா வீட்டுலயும் சொல்றதைத்தான். அம்மாவுக்குக் கவலை, அப்பாவுக்கு மௌனம், ஆயாவுக்கு மட்டும் கோவம். "கட்டிப் புரண்டு ஆடுறது ஒரு ஆட்டமா?" அதுக்கு மேல அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்ல, ஏன்னா குறுவட்டப் போட்டி வந்துடுச்சு!

பள்ளிக்கூடத்துல ஆடினவங்களுக்குத்தான் தெரியும் அந்தப் படிக்கட்டு. முதல்ல குறுவட்டம், அதுல ஜெயிச்சா மாவட்டம், அதுக்கு மேல மாநிலம். எங்களுக்குக் குறுவட்டம்னா திண்டிவனம், மாவட்டம்னா விழுப்புரம். அதனால எனக்கு அந்த ரெண்டு ஊர்ப் பேரும் வெறும் ஊர்ப் பேரு இல்ல, ரெண்டு படி! இன்னிக்கும் பஸ்ஸுல கண்டக்டர் "திண்டிவனம், திண்டிவனம்"னு கூவினா, ஜன்னலோரம் தூங்கிக்கிட்டு இருக்குற எனக்கு வயித்துக்குள்ள ஒன்னு படபடன்னு அடிச்சுக்கும். திண்டிவனம் மைதானத்துல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கலர் பனியன்! எங்ககிட்ட பனியனே இல்ல. சீனியர் பையனுங்க போட்டுத் துவைச்ச மஞ்சள் பனியனை வாங்கி, முதுகுல மார்க்கர்ல நம்பர் எழுதி, சுடிதார் பேன்ட்டுக்கு மேல போட்டுக்கிட்டு நின்னோம். அன்னிக்கு முதல் மேட்ச்சுல என் கைக்கு ஒரு கால் வந்தது, இழுத்தேன், விழுந்தா, விசில். என் வாழ்க்கையோட முதல் பாயின்ட்! அதுக்கப்புறம் ஜெயிச்சோம், மறுபடி ஜெயிச்சோம், எப்படி ஜெயிச்சோம்னு எனக்கு ஒன்னுமே ஞாபகமில்ல, ஞாபகம் இருக்குறதெல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல சார் தன் கைக்காசுல வாங்கிக் கொடுத்த பரோட்டாவும், ஏழு பேரும் ஒரே தட்டைச் சுத்தி உக்காந்து பிச்சுத் தின்னதும்தான்.

அப்புறம் விழுப்புரம்!

திண்டிவனத்துல பாசஞ்சர் ஏறினோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்க நிக்க எங்களுக்கு நெஞ்சு ஏறுது. முண்டியம்பாக்கத்துல சர்க்கரை ஆலை இருக்கு, ஆலை ஓடும் காலத்துல அந்தக் காத்துல பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாடை ரயில் பெட்டிக்குள்ள வந்து உக்காரும். சிலருக்கு அது குமட்டும். எனக்கு அன்னிலேர்ந்து அது வெற்றியோட வாசனை. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏழு பேரும் ஒரே குரல்ல "கபடி கபடி கபடி கபடி" அப்படின்னு பாட, எதிர்ல கூடையோட உக்காந்திருந்த பூக்கார அம்மா, "யாருக்கு மூச்சு நெறைய இருக்கோ அவளுக்கு ஒரு முழம்"னு பந்தயம் கட்டுச்சு. முழம் சென்டருக்குப் போச்சு. அவ அதை ஏழாப் பிச்சா.

விழுப்புரம் ஜங்ஷன்ல இறங்கினதும் எனக்குக் கண்ணே கூசிடுச்சு. அஞ்சு திசைக்கு ரயில் பிரியிற ஊர். எங்க கிராமத்துல ஒரே ரோடு. அப்போ கள்ளக்குறிச்சி பிரியல, அது தனி மாவட்டமா ஆனது 2019லதான். அதனால மாவட்டப் போட்டின்னா ஒரு குட்டி மாநிலமே வந்து இறங்குற மாதிரி இருக்கும். செஞ்சிப் பக்கத்துப் பாறையில ஏறிப் பழகின கெண்டைக்காலுங்க, மரக்காணத்துக் கடற்கரை மணல்ல ஓடின பாதங்க, கல்வராயன் மலைப் பக்கத்துலேர்ந்து வந்த புள்ளைங்க வேற, அவளுங்க செருப்பே போடல, அவளுங்க காலைப் பிடிக்கிறதும் வேரைப் பிடிக்கிறதும் ஒன்னு! சாயங்காலம் அத்தனை பேரும் ஒரே குழாயில முகம் கழுவினோம். யார் எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டோம். அதுக்கு மேல யாரும் யாரையும் ஒன்னும் கேக்கல.

இறுதி ஆட்டம். வாங்க, என் பக்கத்துலயே நில்லுங்க, இதை நான் தனியாச் சொல்லமாட்டேன். முதல் பாதியில எதிர் டீம் எங்களை ஆல் அவுட் ஆக்கிட்டாங்க, ஏழு பேரையும் வெளிய தள்ளி லோனா ரெண்டு பாயின்ட்டையும் வாங்கிட்டாங்க. அஞ்சு நிமிஷ இடைவேளையில சார் திட்டுவாருன்னு நினைச்சோம். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கையில கொடுத்துட்டு ஒன்னே ஒன்னு சொன்னாரு: "உங்க குரல் எனக்குக் கேக்கல." அவ்வளவுதான். ரெண்டாவது பாதியில எங்க சென்டர் ரெய்டுக்குப் போனா பாருங்க, அவ பாடின பாட்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும், ஒரு ரெய்டுல ரெண்டு பேரைத் தட்டிட்டு வந்தா, நாங்களும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு அவளோட சேர்ந்தே கத்துறோம், லெப்ட் கார்னர் ஒரு தொடைப்பிடி, ரைட் கவர் ஒரு மோது, ஒவ்வொரு பாயின்ட்டா ஏறி ஏறி, கடைசி நிமிஷத்துல ஒரு பாயின்ட் முன்னாடி வந்து நிக்கிறோம், எங்க பக்கம் நாலே பேர், அவங்க ரெய்டர் வர்றா. உயரமான பொண்ணு. ரெட்டைச் சடை. போனஸ் எடுக்க முடியாது, அதுக்கு எதிர்ல ஆறு பேராவது நிக்கணும், நாங்க நாலுதான், அதனால அவளுக்கு வேற வழியில்ல, ஒருத்தியையாவது தொட்டே ஆகணும், எங்களுக்கும் வேற வழியில்ல, ஒன்னு தப்பிக்கணும் இல்ல பிடிக்கணும். தப்பிக்கலாம். பின்னாடி நகர்ந்து நகர்ந்து நேரத்தைக் கடத்திடலாம். முப்பது நொடிதான். ஆனா அவ என்னைப் பாத்தா. நான் அவ காலைப் பாத்தேன். அவ கால் நீட்டினா, அந்தக் கட்டைவிரல் என் புறங்காலைத் தொட்டுச்சு, நான் விழுந்தேன், விழும்போதே ரெண்டு கையும் போய் கணுக்காலைப் பூட்டிக்கிச்சு! அவ இழுக்குறா, என்னையே இழுத்துக்கிட்டுப் போறா, வாயெல்லாம் மண்ணு, ரைட் இன் என் இடுப்பைப் பிடிச்சா, ரைட் கவர் அவ மேல விழுந்தா, மூணு பேரையும் சேத்து இழுத்துக்கிட்டு அவ கையை நீட்டுறா, நடுக்கோட்டுக்கும் அவ விரலுக்கும் நடுவுல நாலு விரக்கடை, மூணு விரக்கடை, அவ குரல் என் காதுகிட்டயே "கபடி கபடி கபடி கபடி", ஐயோ என்ன மூச்சுங்க அது, எனக்கு அந்த நேரத்துலயும் அவ மேல மரியாதை வருது, இவ மூச்சு தீரவே தீராதோன்னு இருக்கு, பிடி நழுவுது, நகத்தை ஊனுறேன், கபடி கபடி, கப... டி... அப்படியே ஒரு இழை அறுந்துச்சு. விசில்!

நாங்க அப்படியே மண்ணுல கிடந்தோம். முதல்ல எழுந்தது அவதான். கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே, "இன்னா பிடிடீ அது!" அப்படின்னா. எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டுச் சொல்லியிருக்காங்க. பரிட்சையில, வேலையில, கல்யாண வீட்டுல. அந்த மூணு வார்த்தைக்குப் பக்கத்துல எதுவும் வந்து நிக்கல. என்னை வீழ்த்தணும்னு உயிரைக் கொடுத்து ஆடின ஒருத்தி, தோத்த அந்த நொடியிலயே என்னை மெச்சுறா. இதெல்லாம் எந்த வகுப்புல சொல்லிக் கொடுக்குறாங்க, சொல்லுங்க? அவ ஊர் எது, பேர் என்னன்னுகூட நான் கேக்காம விட்டுட்டேன். அக்காவோ தங்கச்சியோ, எங்கேயாவது இதைப் படிச்சா தெரிஞ்சுக்கோடீ, அந்த நாள்ல ரெண்டு பேருமே நல்லா ஆடினோம்!

ஊருக்குத் திரும்பினப்போ ராத்திரி ஆயிடுச்சு. பஸ் நிறுத்தத்துல எங்க அப்பா சைக்கிளோட நிக்கிறாரு, பேசவேமாட்டாருன்னு சொன்னேனே, அவரு, "எத்தினி பாயின்ட்டு?"ன்னாரு. நான் ஆரம்பிச்சேன் பாருங்க, வீடு வர்றவரைக்கும் நிறுத்தல. கோப்பையை எல்லார் வீட்டுலயும் காட்டணும்னு ஏழு பேரும் கிளம்பினோம். முதல்ல எங்க வீடு. படிகிட்ட வந்ததும் ரைட் இன்னும் மத்த ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. ஏன் நின்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். திண்ணையில ஆயா. எங்க ஆயா எப்படிப்பட்டவங்கன்னா, களத்துல வேலை செய்யறவங்களுக்குத் தனி டம்ளர் வெச்சிருந்தவங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, மைதானத்துல பிடிக்கிற மாதிரியே ரைட் இன்னோட மணிக்கட்டைப் பிடிச்சு ஒரே இழு. அவ உள்ள வந்துட்டா. அவளைப் பிடிச்சிருந்தவளும் வந்துட்டா. சங்கிலி இல்லையா, ஒருத்தி வந்தா எல்லாரும் வரணும்! ஆயா எங்களைப் பாத்தாங்க. கோப்பையைப் பாத்தாங்க. என் கிழிஞ்ச முழங்கையைப் பாத்தாங்க. "இவளுங்கதான் உன்கூட விழுந்தாளுங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். உள்ள போயி கடலை உருண்டைத் தூக்கை எடுத்துக்கிட்டு வந்து, ஒவ்வொருத்தி கையிலயும் அவங்க கையாலயே வெச்சாங்க. தண்ணி கேட்டோம். ஒரே சொம்புலதான் வந்தது. ஊர் அன்னிலேர்ந்து மாறிடுச்சுன்னு நான் சொல்லல. எங்க வீட்டுத் தனி டம்ளரை அதுக்கப்புறம் நான் பாக்கல, அதைச் சொல்றேன்.

மாநிலப் போட்டியில முதல் ஆட்டத்துலயே தோத்தோம். விளையாட்டு விடுதியில தங்கிப் பயிற்சி எடுத்த டீம் எங்களைச் சுருட்டி வெச்சுட்டாங்க. அழுதோம், சாப்பிட்டோம், வர்ற வழியெல்லாம் அவங்க எப்படிக் கால் வெச்சாங்கன்னு ஆடிக் காட்டிக்கிட்டே வந்தோம்.

அப்புறம் நான் திண்டிவனத்துல திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில படிச்சேன். 2010ல சீனாவுல குவாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆம்பளைங்க கபடி ஆசியப் போட்டியில 1990லயே, பெய்ஜிங்கிலயே சேர்ந்துடுச்சு. நம்ம தூத்துக்குடிச் சீமை மணத்தி கணேசன் 1994ல ஹிரோஷிமாவுல தங்கம் வாங்கின அணியில ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிட்டாரு. பொண்ணுங்க கபடிக்கு இடம் கிடைக்க இருவது வருஷம் ஆச்சு. கிடைச்ச முதல் தடவையே இந்தியா தங்கம்! ஹாஸ்டல் டிவி ரூம்ல நான் போட்ட கூச்சல்ல வார்டன் ஓடிவந்துட்டாங்க. 2018ல ஜகார்த்தாவுல ஈரான் பொண்ணுங்ககிட்ட இறுதியில தோத்தப்போ நான் அன்னிக்குச் சோறு திங்கல. அஞ்சு வருஷம் கழிச்சு 2023 அக்டோபர்ல ஹாங்சௌவுல சீன தைபேயை எதிர்த்து இறுதி ஆட்டம். 26-25! ஒரே ஒரு பாயின்ட்! எங்க விழுப்புரம் ஆட்டத்தோட கடைசி நிமிஷம் மாதிரியே ஒரே பாயின்ட்! அந்தத் தங்கம்தான் அந்தப் போட்டியில இந்தியாவோட 100வது பதக்கம். நாடே நூறு நூறுன்னு கொண்டாடினப்போ நான் பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, "அந்த நூறாவது எங்களோடது, கபடிப் பொண்ணுங்களோடது!"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா! ஊருக்கு நடுவுலேர்ந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவெச்ச ஜனங்களோட நகர் அது. அங்கேர்ந்து ஒரு பொண்ணு, இந்திய அணியோட துணைக் கேப்டனா ஆசிய இளையோர் போட்டிக்குப் போய்த் தங்கத்தோட வர்றா. அதே போட்டியில பையன்கள் அணியில வடுவூர் அபினேஷும் தங்கம். கார்த்திகா மாலையும் கழுத்துமா தெருவுக்குள்ள வர்ற காட்சியை நான் போன்ல எத்தனை தரம் பாத்தேன்னு கேக்காதீங்க. பாக்கும்போதெல்லாம் அழுகை. சுத்தி நின்ன சின்னப் பொண்ணுங்க மூஞ்சியைத்தான் நான் பாத்தேன். ஒவ்வொருத்தியும் அந்த நிமிஷமே அவளா ஆயிட்டா!

எங்க ஏழு பேர்ல யாரும் பஹ்ரைனுக்குப் போகல. போகாட்டி என்ன? லெப்ட் கவர் விளையாட்டு ஒதுக்கீட்டுல காவல்துறைக்குப் போயிட்டா. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்குங்கறதே எங்க ஊருக்கு அவ மூலமாத்தான் தெரிஞ்சுது, இப்போ எல்லா அம்மாவும் அந்த மூணு சதவீதத்தைக் கணக்குப் போடுறாங்க. சென்டர் சொந்தமாக் கடலை வியாபாரம் பண்றா, மண்டியில அவ ஏலம் கூவுறப்போ ஆம்பளைங்க வாயை மூடிக்குவாங்க. எங்க போன்ல இன்னிக்கும் யாருக்கும் பேரே இல்ல, ரைட் கவர், லெப்ட் இன், சென்டர்னுதான் பதிஞ்சு வெச்சிருக்கோம். ரைட் இன் போன் பண்ணா, எடுத்ததுமே "கார்னரு!" அப்படின்னுதான் ஆரம்பிப்பா.

நான் கலைக் கல்லூரிக்கு அப்புறம் நர்சிங் படிச்சு நர்ஸ் ஆனேன். பிரசவ வார்டு. ராத்திரி ட்யூட்டியில வலியோட வர்ற சின்னப் பொண்ணுங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சத்தத்தை முழுங்குவாங்க, வெளியில மாமியார் நிக்கிறாங்க, என்ன நினைப்பாங்களோன்னு. நான் அவ மணிக்கட்டைப் பிடிச்சுப்பேன், குனிஞ்சு காதுல சொல்லுவேன், "கத்து பாப்பா, நல்லாச் சத்தமாக் கத்து, யாரும் உன்னை ஒன்னும் சொல்லமாட்டாங்க, நான் இருக்கேன்." அவ என் கையை நெரிப்பா பாருங்க, எனக்கு அப்படியே விழுப்புரம் மைதானம்தான்! இதை எனக்கு நர்சிங் காலேஜ் சொல்லித் தரல, எங்க பி.டி. சார் சொல்லிக் கொடுத்தாரு.

ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சா ஊருக்கு ஓடிடுவேன். அதே மைதானத்துல இப்போ புதுசா ஏழு பேர் வந்திருக்காளுங்க. அவளுங்களுக்கு நல்ல பனியன் இருக்கு, முட்டிக்கு உறை இருக்கு, போன்ல புரோ கபடி பாத்து ஸ்டெப் போடுறாளுங்க. பன்னெண்டு வயசுல ஒருத்தி, சுண்டெலி மாதிரி இருப்பா, ஏழு ஆளு நடுவுல புகுந்து புறப்பட்டு வர்றா, அவளை வெளியூர் ஆளுங்க கொத்திக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்க வந்து பாத்துடணும்! மாட்டுப்பொங்கல் அன்னிக்கு ராத்திரி மின்னொளிப் போட்டி. பொண்ணுங்களுக்கும் தனிக் கோப்பை உண்டு. கூட்டேரிப்பட்டுல பஸ் இறங்கிக் கேட்டீங்கன்னா யார் வேணா வழி சொல்லுவாங்க, மைக்செட் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா போதும். நாற்காலியில உக்காராதீங்க, கோட்டோரமா மண்ணுலயே எங்க ஏழு பேர்கூட உக்காருங்க, இடம் பிடிச்சு வெக்கிறேன். வரும்போது அவிச்ச கடலை வாங்கிட்டு வாங்க, ரெண்டு படியா வாங்கிக்குங்க, எங்க சென்டர் ஒருத்தியே ஒரு படி தின்னுடுவா, அரையிறுதிக்கு முன்னாடியே தீர்ந்துபோயிடும்!